சுவைக்காமல் ஊற்றிய வெர்டிக்கியோ

கோப்பன்ஹேகனில் வைன் பரிமாறியே வீட்டு வாடகை கட்டியவன் நான். ஆனால் அந்த வேலையின் முதல் வருடங்களில் ஒரு துளி வைன்கூட என் நாக்கில் பட்டதில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டொருவருக்குத்தான் இது தெரியும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரும் என்னை வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்ற தைரியத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் என்று நான் சொல்வது, உணவகங்களில் வெயிட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளை. அண்மையில் உங்களில் சிலர் பரிமாறிய ஒரு விருந்தில் நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி வெள்ளை வைனை ஊற்றிக்கொண்டே அதில் ஈரக்கல் மணக்கிறது, வெள்ளைப் பூ மணக்கிறது, கடற்காற்று வீசுகிறது என்று அடுக்கிக்கொண்டு போனான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த மனிதர் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தார். அவருடைய மீன் ஆறிக்கொண்டிருந்தது.

அந்தத் தம்பி ஊற்றியது வெர்டிக்கியோ. அதனால்தான் எனக்குப் பழையதெல்லாம் கிளம்பியது. அது இத்தாலியின் கிழக்குக் கரையில், கடலைப் பார்த்த மலைச்சரிவுகளில் விளையும் திராட்சை. அந்த நாட்களில் அந்த வைன் இடுப்பு ஒடுங்கிய பச்சைச் சாடி போன்ற போத்தலில் வரும். ஐஸ் வாளிக்குள் ஒழுங்காக நிற்காது, அலமாரியிலும் இடத்தை அடைக்கும். வெயிட்டர்கள் எல்லோரும் அந்தப் போத்தலைத் திட்டுவார்கள். நான் மட்டும் திட்டியதில்லை. நான் வயிற்றைக் கழுவியதே அந்தப் போத்தலால்தான்.

நான் இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். அகதியாக வந்தபோது என்னை முதலில் டென்மார்க்கின் ஸ்கீவ என்ற சிறு நகரத்தில் குடியமர்த்தினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் மன்னாரில் நின்றார்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குக் குடும்பத்தைக் கூப்பிட உரிமை உண்டு என்று சட்டம் சொன்னது. நானும் மனுக் கொடுத்தேன். கொடுத்த அன்றே மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். என் மனைவியும் பிள்ளையும் இந்த மண்ணில் கால் வைக்கும்வரை மதுபானம் எதுவும் என் நாக்கில் படாது என்று சொன்னேன். குடிக்காதவன் குடியை விடுவதில் நேர்த்தி ஒன்றுமில்லை. எனக்குக் கள்ளும் பிடிக்கும், சாராயமும் பிடிக்கும். மாதாவுக்கும் அது தெரியும்.

மனு உள்ளே போனது. பதில் வரவில்லை. எனக்கு மட்டுமல்ல, தெரிந்த எவருக்கும் வரவில்லை. டேனிஷ்காரர்கள் இப்போது அந்த வருடங்களைத் தமிழர் வழக்கு என்று சொல்கிறார்கள். எங்கள் மனுக்களைப் பார்க்க வேண்டாம் என்று மேலிடத்தில் தீர்மானித்திருந்தார்கள் என்பதும், அது சட்டத்துக்கு மாறானது என்பதும் பிறகு வெளியில் வந்தது. அதற்கும் நெடுநாள் கழித்து ஒரு அரசாங்கமே அதனால் போனது. ஆனால் காத்திருந்தபோது எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நாம்தான் ஏதோ தாளைப் பிழையாக நிரப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கீவவிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு வந்து ஓர் இத்தாலிய உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். எங்களுக்குத் தலைமை வெயிட்டராக இருந்தவர் ஒரு டேனிஷ் பெண். என்னைவிட வயதில் இளையவர். சிரிப்பது குறைவு, மறப்பது அதைவிடக் குறைவு. ஒரு நாள் வெயிட்டர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, என்னை அழைத்து வெள்ளைச் சட்டை ஒன்றைக் கையில் தந்தார். ஏன் என்னை என்று பின்னர் ஒருமுறை கேட்டேன். நீ எதையும் உடைப்பதில்லை, அதற்காகத்தான் என்றார்.

விருந்தினர் மேசைகளுக்கு நடுவே நிற்க ஆரம்பித்த பிறகுதான் என் நேர்த்தி எனக்கே சிக்கலானது. வைனைப் பற்றி விருந்தினர் கேட்பார்கள். நான் மற்ற வெயிட்டர்கள் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். வெர்டிக்கியோ என்றால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கொஞ்சம் பெருஞ்சீரகம், ஒரு பொட்டு உப்பு, விழுங்கிய பிறகு கசப்பான பாதாம். மணத்தை மூக்கால் பிடித்துக்கொண்டேன், அதற்கு நேர்த்தியில் தடை இல்லை. கடைசியில் வரும் அந்தக் கசப்பு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூக்கில் இல்லாத ஒன்று நாக்கில் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டே ஊற்றுவேன்.

கோப்பன்ஹேகனை ஒட்டிய புரொண்பியில் யோகன் என்று எனக்கொரு கூட்டாளி. யாழ்ப்பாணத்துச் சைவக்காரன், மருத்துவமனையில் துப்புரவு வேலை. அவனுடைய மனைவிக்கான மனுவும் என்னுடையதோடுதான் தூங்கிக்கொண்டிருந்தது. வைன் தெரிந்தவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார்கள் என்று நான் சொன்னதும் அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"துப்பினாக் குடிச்சதெண்டு ஆகாது, மச்சான்."

"நாக்கில படாதெண்டு எல்லோ சொல்லிப்போட்டன்."

"அப்ப மாதாட்டைப் போய் ஒருக்காக் கதைச்சுப் பார். நானும் வாறன்."

சிரித்தேன். ஆனால் அசையவில்லை. நான் கொடுத்த மனு எனக்குக் கட்டுப்படவில்லை, நாடு கட்டுப்படவில்லை, ஊரில் நடந்த சண்டை கட்டுப்படவில்லை. நான் சொன்னபடி நடத்தக்கூடியதாக மிஞ்சியிருந்தது என் நாக்கு ஒன்றுதான். அதையும் வளைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கணவாய்ப் பிழை நடந்தது. எங்கள் சமையல்காரர் கணவாய் மீனைத் தக்காளியும் காய்ந்த மிளகாயும் போட்டு நல்ல உறைப்பாகச் சமைப்பார். ஒரு விருந்தினர் அதைக் கேட்டுவிட்டு எந்த வைன் பொருந்தும் என்று என்னிடம் கேட்டார். நான் தயங்கவே இல்லை. நமக்கெல்லாம் உறைத்தால் என்ன செய்வோம்? குளிராக, புளிப்பாக எதையாவது குடிப்போம். தேசிக்காய்த் தண்ணீர், மோர். எலுமிச்சைப் புளிப்புள்ள குளிர்ந்த வைன் மிளகாயை அடக்கிவிடும் என்று நம்பி வெர்டிக்கியோவைத் திறந்தேன்.

வைன் மோரல்ல. மிளகாய் பட்ட வாயில் அதிலிருக்கும் மதுசாரம் இன்னும் எரியும், கசப்பு இரண்டு மடங்காகும். இன்று இது உங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்த மனிதர் ஒரு வாய் கணவாய், ஒரு மிடறு வைன் எடுத்தார். முகம் சிவந்து, தண்ணீர்ச் சாடியை முழுவதும் காலி செய்துவிட்டு, தலைமை வெயிட்டரை அழைத்து வைன் பழுதாகிவிட்டதா என்று கேட்டார்.

தலைமை வெயிட்டர் அவரைச் சமாளித்து அனுப்பிவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். ஒரு தட்டில் இரண்டு துண்டு கணவாய், பக்கத்தில் கால் கிளாஸ் வெர்டிக்கியோ. என்ன செய்துவைத்தாய் என்று நீயே பார் என்றார். நான் கணவாயைத் தின்றேன். கிளாஸைத் தொடவில்லை. அவர் காத்திருந்தார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, அதற்கும் அவர் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். மனைவி, பிள்ளை, மனு, பதில் வராதது எல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பாத்திரம் கழுவும் இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அது நியாயமாகவும் இருந்திருக்கும். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். டேனிஷில் ஒன்றாக வேலை செய்பவர்களுக்குள் எல்லோரும் நீதான், அதனால் அப்படியே தருகிறேன்.

"ருசியைப் பற்றிப் பேசும்போது 'எனக்கு' என்ற சொல்லை நீ வாயில் எடுக்கக் கூடாது. குடித்தவர்கள் சொன்னதைச் சொல். குடிக்காததைக் குடித்தேன் என்று ஒரு தடவை சொன்னாலும் நீ வெளியே. அடுத்தது, நாக்கு இல்லையென்றால் கண் இருக்கிறது. தண்ணீர்க் கிளாஸைப் பார்."

தண்ணீர்க் கிளாஸைப் பார். என் வேலைவாழ்க்கையில் நான் கற்றதில் பாதி இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. ஒரு வாய் உணவு உள்ளே போன பிறகு விருந்தினரின் கை தானாக எங்கே போகிறது என்று கவனியுங்கள். வைன் கிளாஸுக்குப் போனால் உணவுக்கும் வைனுக்கும் சோடி சரி. தண்ணீருக்குப் போனால் எங்கோ பிழைத்துவிட்டது. வாயால் நன்றாக இருக்கிறது என்பார்கள். டேனிஷ்காரர் மரியாதைக்காரர், மூன்றாம் தரமான வைனுக்கும் நன்றி சொல்வார். கைக்கு அந்த மரியாதை தெரியாது.

அப்படிப் பார்த்துப் பார்த்து வெர்டிக்கியோவைப் படித்தேன். மாவில் புரட்டிப் பொரித்த சின்ன மீன் என்றால் கை நேராக அதற்குத்தான் போகும். பட்டரில் பொரித்த தட்டை மீனுக்கும் அப்படியே, நெய்ப்பிடித்த வாயை அந்தப் புளிப்பு கழுவிவிடும். எங்கள் சமையல்காரர் தன் இத்தாலிய ஊர் முறைப்படி பலவகை மீனைக் கொஞ்சம் வினாகிரி விட்டு ஒன்றாகக் காய்ச்சுவார், அதற்கு இதைவிட்டால் வேறு வைன் இல்லை. பெருஞ்சீரகம் போட்ட முயல் இறைச்சிக்கும் பொருந்தும், கோழிக்கும் மோசமில்லை. டேனிஷ்காரரின் இனிப்பூறிய ஹெரிங் மீனோடு கொடுத்தால் வைன் வெறும் புளித்தண்ணீராகிவிடும். உறைப்போடு கொடுத்த கதையைத்தான் சொல்லிவிட்டேனே. ஐஸில் நெடுநேரம் புதைத்து வைத்தால் மணம் செத்து, கசப்பு மட்டும் எழும்பி நிற்கும். கொஞ்சம் முன்பாகவே வெளியே எடுத்து வையுங்கள்.

விருந்தினர் கேட்டால், கடைசியில் பாதாம் போல ஒரு கசப்பு இருக்கும் என்று சொல்கிறார்கள் என்பேன். சொல்கிறார்கள் என்ற சொல்லை யாரும் கவனித்ததில்லை. அந்த இரவு வரும்வரை.

அன்று மாலை தலைமை வெயிட்டர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, ஜன்னலோர மேசைக்கு வரப்போகிறவர் யார் என்று சொன்னார். வெளிநாட்டவர் மனுக்களைப் பார்க்கும் இடத்தில் ஓர் அதிகாரி. அவரும் மனைவியும் வருகிறார்கள். அந்த மேசை உன்னுடையது, வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நானே பார்க்கிறேன் என்றேன். அந்தக் கணத்தில் நான் வெயிட்டராக யோசிக்கவில்லை என்பதை உங்களுக்கு ஒளிக்கத் தேவையில்லை. யோகன் எனக்குப் பலதடவை சொல்லியிருந்தான், உன்ர மேசைக்கு அப்பிடி ஓர் ஆள் வந்தா விடாதை, காலில விழுந்தெண்டாலும் கேள் என்று. அவர்கள் மேலங்கியைக் கழற்றி மாட்டும்போதே டேனிஷில் எனக்கு வசனங்கள் வரிசையாக வந்துவிட்டன. பாண் ரொட்டி வைக்கப் போனபோது ஒன்று, மெனு கொடுக்கப் போனபோது ஒன்று. ஒவ்வொன்றையும் வாய்க்குள் உருட்டிவிட்டு விழுங்கினேன்.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அது எனக்குக் கோபமாக இருந்தது. மனைவியின் கதிரையை இழுத்துவிட்டார், என்னிடம் தன்மையாகப் பேசினார். பொரித்த தட்டை மீன் இரண்டும், நான் சொன்ன வெர்டிக்கியோவும் எடுத்தார்கள். ஊற்றினேன். முதல் வாய்க்குப் பிறகு இரண்டு பேருடைய கையும் வைனுக்குத்தான் போனது.

அவருடைய மனைவி கிளாஸைப் பார்த்துக்கொண்டே, கடைசியில் ஏதோ கசக்கிறதே என்றார். பாதாம் போல என்று சொல்கிறார்கள் என்றேன்.

"சொல்கிறார்களா? உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை என்றேன். கணவர் சிரித்துவிட்டு, குடிக்காத வைனையா எங்களுக்கு விற்றீர்கள் என்றார். ஒரு நேர்த்தி இருக்கிறது என்றேன். டேனிஷில் நேர்த்திக்குச் சரியான சொல் எனக்குத் தெரியாது, கடவுளின் தாய்க்குக் கொடுத்த வாக்கு என்று சொன்னேன். எதுவரைக்கும் என்று அந்த அம்மா கேட்டார். என் மனைவியும் மகளும் டென்மார்க்குக்கு வரும்வரை என்றேன்.

"எப்போது வருவார்கள்?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. உண்மையாகவே மகிழ்ச்சியோடு கேட்டார். கணவருக்குத் தெரிந்தது. என் நிறமும் முகமும் எந்த நாட்டுக்குரியவை என்று அவர் அப்போதுதான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

என் வாய்க்குள் இருந்த வசனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டின. பிள்ளை தவழத் தொடங்குமுன் வந்தேன், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்பது ஒன்று. ஒரேயொரு தடவை என் பெயரைப் பாருங்கள் என்பது இன்னொன்று. நான் அவரைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்து, தெரியாது, மனுக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா கேட்டதற்கு அதுதான் பதில்.

அதிகாரி கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய கை தண்ணீர்க் கிளாஸுக்குப் போனது. மீனிலும் பிழையில்லை, வைனிலும் பிழையில்லை.

"என் வேலையைப் பற்றி இங்கே நான் பேச முடியாது" என்றார், மெதுவாக.

"நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் மீன் ஆறுகிறது" என்றேன்.

குசினிக்குப் பின்னால் இருந்த குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. தலைமை வெயிட்டர் பின்னாலேயே வந்தார். என் தோளைத் தொட்டெல்லாம் ஆறுதல் சொல்கிற ஆள் அல்ல அவர். கேட்டதற்குப் பதில் சொன்னாய், அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன் என்றார். பிறகு அடுத்த மேசைக்குப் பாண் போகவில்லை என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு பாணை எடுத்துப் போனேன்.

யோகன் அதை லேசில் மன்னிக்கவில்லை. "வாய் திறந்து கேட்டிருக்கலாமேடா. உன்ர பிள்ளையைவிட அவன்ர மீனோ உனக்குப் பெரிசு?" என்றான். பதில் வராமல் போன ஒவ்வொரு மாதமும் அந்த மேசை கண்ணுக்குள் வந்து நின்றது. கேட்டிருந்தால் வந்திருப்பார்களோ, என் ரோசத்தால் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ என்று படுத்துப் புரளுவேன். மனைவிக்கும் எழுதவில்லை, எழுதினால் அவளும் யோகன் கேட்டதையே கேட்பாள் என்று பயம்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்களோ தெரியாது. எனக்கு இவ்வளவுதான் விளங்கியது. சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து போக முடியாதவன். கையில் கரண்டியும் பக்கத்தில் மனைவியும் இருக்கிற ஆளிடம், நின்றுகொண்டிருக்கிற நீங்கள் ஒன்றைக் கேட்டால் அவன் ஒன்றில் பொய் சொல்வான் அல்லது இல்லை என்று சொல்வான். இல்லை என்ற சொல்லை அவருடைய வாயிலிருந்து கேட்க நான் தயாராக இருக்கவில்லை. அதை ரோசம் என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல்வது, கேட்காததைச் சுமத்தாமல் விடுவது என்ற பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

சில மாதம் கழித்து அந்த அதிகாரி தனியாக மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். என்னுடைய மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார். அதே மீன், வெர்டிக்கியோ ஒரு கிளாஸ். நான் ஊற்றி முடித்ததும் அண்ணாந்து பார்த்து, இன்னும் இல்லையா என்றார். இன்னும் இல்லை என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிறகும் இடைக்கிடை வந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு கேள்வி, அந்த ஒரு பதில். கிளாஸில் ஒரு துளியும் மிச்சம் வைக்க மாட்டார். பிறகு வராமல் விட்டார். எங்களுக்காக அவர் ஏதாவது செய்தாரா என்று யோகன் இன்றைக்கும் கேட்பான். எனக்குத் தெரியாது. செய்திருந்தாலும் அது அவருடைய விடயம்.

பத்திரிகைகள் எழுதத் தொடங்கின, மேலே கேள்விகள் எழுந்தன, தூங்கிய மனுக்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின. ஒரு நாள் என்னுடையதும் அசைந்தது.

விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவர் ஆர்?" என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இன்னும் பலமில்லை.

அடுத்த நாள் தலைமை வெயிட்டர் ஒரு போத்தல் வெர்டிக்கியோவைத் தாளில் சுற்றித் தந்து, இரண்டு நாள் இந்தப் பக்கம் வராதே என்றார். நான் மீன்கடைக்குப் போய்த் தட்டை மீன் வாங்கினேன். இத்தனை காலம் விருந்தினர் கைகளைப் பார்த்து நான் மனதுக்குள் போட்டுவைத்திருந்த ஒரு சோடி இருந்தது, அது எங்கள் மெனுவில் இல்லை. தேங்காய்ப்பாலின் நெய்ப்பும், கடைசியில் பிழியும் தேசிக்காய்ப் புளியும், மீனும் சேர்ந்தால் இந்த வைனுக்கு மீன் சொதியைவிடப் பொருத்தமாக ஒன்றும் இருக்க முடியாது. பச்சை மிளகாய்தான் இடைஞ்சல்.

"இண்டைக்குச் சொதிக்குப் பச்சை மிளகாய் போடாதையும்" என்றேன் மனைவியிடம்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டென்மார்க் வந்து மனுசன் கெட்டுப்போனான் என்று நினைத்திருப்பாள். ஒன்றே ஒன்றை எடுத்து, கீறி, விதையைத் தட்டிவிட்டுப் போட்டாள். அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று முகத்தில் தெரிந்தது. நானும் வாதாடவில்லை.

இடியப்பமும் சொதியும் மேசைக்கு வந்தன. வீட்டில் வைன் கிளாஸ் இல்லை, தேத்தண்ணி குடிக்கிற கிளாஸில்தான் ஊற்றினேன். மணந்து பார்த்தேன். தெரிந்த மணம்தான். ஆனால் கை மேலே போகவில்லை. இவ்வளவு நாளும் எத்தனையோ பேருக்குச் சொன்னது பொய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நேர்த்தி முடிந்தது என்று நாக்கு நம்ப மறுத்தது என்றும் சொல்லலாம். அப்போதுதான் நேர்த்தியைப் பற்றியும், அந்த ஜன்னலோர மேசையைப் பற்றியும் அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவரிடம் கேட்காமல் விட்டதையும் சொன்னேன்.

அவள் மகளின் தட்டில் மீன் முள் எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் விரலைத் துடைத்துவிட்டு, எனக்கு முன்னால் இருந்த கிளாஸைத் தன் பக்கம் இழுத்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாதவள்.

"நானும்தானே காத்திருந்தனான்" என்றாள்.

சொதியில் நனைத்த இடியப்பம் ஒரு வாய், பிறகு ஒரு மிடறு. விழுங்கிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கடைசியில கைக்குது."

மேசையில் தண்ணீர்க் கிளாஸ் அவளுடைய கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தண்ணீருக்குப் போகவில்லை. வைன் இருந்த கிளாஸை என் பக்கம் தள்ளியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."

ஊற்றினேன். நானும் குடித்தேன். எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். தலைமை வெயிட்டரின் நிபந்தனை அன்றோடு முடிந்தது, இனி நீ 'எனக்கு' என்று தாராளமாகச் சொல்லலாம் என்று அவரே சொன்னார். ஆனால் ஓய்வு பெறும் நாள்வரை நான் சொன்னதில்லை. வெர்டிக்கியோவை ஊற்றும்போது எந்த விருந்தினராவது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், கடைசியில் கசக்கும், ஆனாலும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லும் என்று என் மனைவி சொல்கிறாள் என்பேன். சொல்லிவிட்டு, மீன் ஆறுவதற்குள் அங்கிருந்து விலகிவிடுவேன்.